வானிலை அறிவிப்பும் வாயுவின் விலையும்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்குக் குளிர் என்பது மார்கழி மாதத்து விடியற்காலையில் ஒரு போர்வையோடு தீர்ந்துபோகும் சங்கதி. பிழைப்பை முன்னிட்டு வடக்கே வந்து குடியேறிய பிறகுதான் குளிரின் உண்மையான சொரூபத்தை நாம் கண்டோம். தில்லியில் தை மாதத்தில் இட்லி மாவு இரண்டு நாளாகியும் பொங்க மறுக்கிறது. மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்பங்கரையில் கதகதப்பான ஒரு மூலை தேடி வைக்க வேண்டியிருக்கிறது. குளிக்கவும் குடிக்கவும் வெந்நீர் போட்டுக்கொண்டே இருப்பதால் அடுப்புக்கு ஓய்வே கிடையாது. தில்லி, மும்பை, ஆமதாபாத் போன்ற நகரங்களில் நம்மவர் பலருடைய வீடுகளுக்கு இன்று குழாய் வழியாகவே எரிவாயு வருகிறது. சுவரில் மாட்டிய மீட்டர் ஓடுகிறது. ஆகவே குளிர் கூடினால் வாயுச் செலவும் கூடும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டாத பாடம்.

ஆனால் நாம் இங்கே சொல்லப் புகுவது நம் ஊர்க் குளிரின் கதையன்று. 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, நம் நாட்டின் பழைய வயல்களில் எடுக்கப்படும் இயற்கை வாயுவின் விலையை அரசாங்கம் உயர்த்தி அறிவித்தது. பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு என்பது வாயு வணிகத்தில் வழங்கும் அளவு. இதனை இனி ‘ஓர் அளவு’ என்றே சுருக்கமாகக் குறிப்பிடுவோம். அதுவரை ஓர் அளவு 1.79 டாலராக இருந்த விலை அன்று 2.90 டாலர் ஆயிற்று. வாயுவோ மும்பைக்கு மேற்கே நம் கடலடியிலும், குஜராத்திலும், அஸ்ஸாமிலும் கிடைப்பது. எடுப்பவர்கள் நம்மவர்கள், எரிப்பவர்களும் நாமே. எனினும் விலை உயர்ந்ததற்கான காரணங்களுள் ஒன்று, எட்டு மாதங்களுக்கு முன் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் பெய்த பனி. அந்தப் பனி எவ்வழியே நம் சமையலறைக் கணக்குக்குள் புகுந்தது என்பதை அறிய, வாயு விலைக்கும் வானிலைக்கும் உறவு ஏற்பட்ட வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

நெல்லைக் குதிரில் கொட்டலாம். நிலக்கரியை மலைபோல் குவிக்கலாம். எண்ணெயைப் பீப்பாயில் அடைக்கலாம். வாயுவை அவ்வாறு செய்வது எளிதன்று. கிணற்றிலிருந்து புறப்பட்டால் குழாய்க்குள்ளேயே ஓடி அடுப்பில் போய் எரிந்தாக வேண்டும். ஆனால் அடுப்பின் தேவை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறக்குறையப் பாதி வீடுகள் வாயுவைக் கொண்டே குளிர்காயும் வீடுகள். அவ்வீடுகளுக்கு ஜனவரியில் வேண்டப்படும் வாயு, மே மாதத்துத் தேவையைப் போல் பன்மடங்கு. கிணறுகளோ கோடை, குளிர் என்ற பேதமின்றி ஒரே அளவாகச் சுரப்பவை. இந்தப் பொருத்தமின்மைக்கு அவர்கள் கண்ட மருந்து, நம் முன்னோர் குதிர் கட்டியதைப் போன்றதுதான். வற்றிப்போன பழைய வாயு வயல்களின் பாறை இடுக்குகளிலேயே கோடைக் காலத்து மிகுதி வாயுவைத் திரும்பச் செலுத்திப் பூமிக்கடியில் சேமித்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்கு அருகே 1916இல் அத்தகைய சேமிப்பு தொடங்கிற்று. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நிரப்புவது, நவம்பர் முதல் மார்ச் வரை எடுப்பது என்பது இன்றளவும் அந்நாட்டு வழக்கம். ஐப்பசியில் குதிரைத் தட்டிப் பார்த்து, ‘தை அறுவடை வரை தாங்குமா?’ என்று கவலைப்படும் குடும்பத் தலைவியின் நிலைதான் ஒவ்வொரு நவம்பரிலும் அந்த வணிகத்தாருடைய நிலை. வரப்போகும் குளிர் எவ்வளவு என்பதைப் பொறுத்தது விடை.

குளிரை அளப்பதற்கு அவர்கள் ஓர் எளிய கணக்கையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். வெளியே சராசரி வெப்பநிலை 65 பாரன்ஹீட் டிகிரிக்கு, அதாவது சுமார் 18 சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கும்போதுதான் வீட்டில் கணப்பு வேண்டியிருக்கிறது என்பதையும், அதற்குக் கீழே எத்தனை டிகிரி இறங்குகிறதோ அதற்கு நேர்விகிதத்தில் எரிபொருள் செலவாகிறது என்பதையும் வாயுக் கம்பெனிப் பொறியாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கண்டுகொண்டனர். ஒரு நாளின் சராசரி 25 டிகிரி என்றால் அன்று 40 ‘டிகிரி-நாள்’. ஒரு மாதத்து டிகிரி-நாட்களைக் கூட்டினால் அம்மாதத்து வாயுச் செலவு பெரும்பாலும் தெரிந்துவிடும். இவ்வளவு நேரான கணக்கு வேறு எந்தச் சரக்குக்கும் உண்டா என்பது சந்தேகமே.

இங்ஙனம் தேவை வானிலையின் கையில் இருந்தும், விலை மட்டும் நெடுங்காலம் வானிலைக்குச் செவிடாகவே இருந்தது. அதற்குக் காரணம் சட்டம். மாநில எல்லைகளைத் தாண்டிச் செல்லும் வாயுக் குழாய்களின் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 1938இல் ஒரு சட்டம் பிறந்தது. 1954இல், ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனிக்கும் விஸ்கான்ஸின் மாநிலத்துக்கும் இடையே நடந்த வழக்கில், கிணற்று வாயிலில் விற்கும் விலையையும் கூட்டாட்சி அதிகாரக் குழுவே கட்டுப்படுத்த வேண்டும் என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஏழை எளியவர்களுக்கு வாயு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது இக்கட்டுப்பாட்டை ஆதரித்தோரின் வாதம். அதைக் குறை கூற முடியாது. ஆனால் மாநில எல்லைக்குள்ளேயே விற்கும் வாயுவுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. டெக்ஸஸில் தோண்டியதை டெக்ஸஸிலேயே விற்றால் கேட்ட விலை. வடக்கே ஒஹையோவுக்கு அனுப்பினால் சர்க்கார் விலை. இந்நிலையில் வியாபாரி எப்பக்கம் சாய்வான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? புதிய வாயு தெற்கிலேயே தங்கிற்று. வடமாநிலங்களுக்குச் செல்லும் குழாய்களில் 1970களின் தொடக்கத்திலிருந்தே பற்றாக்குறை தலைகாட்டியது.

1976-77 குளிர்காலம் இந்த ஏற்பாட்டைச் சோதித்தது. அக்டோபரிலேயே தொடங்கிய குளிர் ஜனவரியில் உச்சத்தை அடைந்தது. ஒஹையோ நதி உறைந்து படகுப் போக்குவரத்து நின்றது. 1977 ஜனவரி 19ஆம் தேதி, என்றும் வெயில் காயும் மயாமியில்கூடப் பனித்துகள்கள் பறந்தன. சேமிப்பு வயல்கள் வேகமாக வற்றின. வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் முதலிடம் தர வேண்டும் என்பதால் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் வாயுவை நிறுத்தினார்கள். லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலையின்றி வீட்டில் உட்கார்ந்தனர். வாயுவின் விலையோ எழுத்தில் மலிவாகவே இருந்தது! கிடைக்காத பொருள் என்ன விலை விற்றால் என்ன?

வானொலியோடு உறவுடைய நமக்கு இந்தக் கதையில் ஒரு தனிப்பட்ட ஆர்வம் உண்டு. ஒஹையோவின் தலைநகரான கொலம்பஸில் 1977 பிப்ரவரியில் பள்ளிக்கூடங்களைச் சூடாக்க வாயு இல்லாமற்போகவே, ‘பள்ளியில்லாப் பள்ளி’ என்று ஒரு திட்டம் வகுத்தார்கள். பாடங்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தன. பயிற்சிக் கேள்விகள் செய்தித்தாளில் அச்சாயின. வாரத்தில் ஒரு நாள் மட்டும், கணப்பு வசதி உள்ள ஏதேனும் ஓர் இடத்தில் பிள்ளைகள் ஆசிரியரைக் கண்டு வந்தனர். 2020இல் தொற்றுநோய்க் காலத்தில் நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே படித்ததற்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, வாயுப் பஞ்சம் இப்படி ஒரு வகுப்பை நடத்தியிருக்கிறது.

பதவியேற்று இரண்டு வாரமே ஆகியிருந்த ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், 1977 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கம்பளிச் சட்டையோடு கணப்பருகே அமர்ந்து நாட்டு மக்களிடம் பேசினார். பகலில் 65 டிகிரி, இரவில் 55 டிகிரிக்கு மேல் வீட்டைச் சூடாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்றைய தினமே வாயுவைப் பங்கிட்டுக் கொடுக்க ஓர் அவசரச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு, அதாவது 1978இல், விலைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தும் சட்டம் வந்தது. 1980களில் குழாய்க் கம்பெனிகள் தம் குழாயை யார் வாயுவுக்கும் வாடகைக்குத் திறந்துவிடும்படி ஆயின. 1989ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய கட்டுப்பாடுகளையும் நீக்க, 1993 ஜனவரி முதல் தேதியோடு கிணற்று வாயில் விலை முழு விடுதலை பெற்றது.

விடுதலை பெற்ற விலைக்கு ஒரு வீடும் கிடைத்தது. லூசியானா மாநிலத்தில், நெல்லும் கரும்பும் விளையும் சதுப்புப் பிரதேசத்தில், ஈராத் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே பல வாயுக் குழாய்கள் வந்து கூடும் ஒரு சந்திப்புக்கு ‘ஹென்றி ஹப்’ என்று பெயர். நியூயார்க் வணிகக் கூடம் 1990 ஏப்ரலில் வாயுவுக்கு முன்பேர வணிகம் தொடங்கியபோது, சரக்கை ஒப்படைக்கும் இடமாக இச்சந்திப்பைத் தேர்ந்தெடுத்தது. முன்பேரம் நமக்குப் புதிதன்று. மும்பையில் பருத்திக்கும் குஜராத்தில் கடலைக்கும் வெகுகாலமாக நடந்து வந்த வியாபாரமே. வரும் ஜனவரியில் தரவேண்டிய வாயுவுக்கு இன்றே விலை பேசிக்கொள்வது என்பது அதன் பொருள். இதில் ஒரு வேடிக்கை கவனிக்கத் தக்கது. ஹென்றி ஹப் இருக்குமிடம் வெப்பமும் புழுக்கமும் மிகுந்த கடற்கரைப் பகுதி. ஆனால் அங்கே குறிக்கப்படும் விலை சிகாகோவிலும் பாஸ்டனிலும் அடிக்கும் குளிர்காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது.

ஜனவரி வாயுவுக்கு நவம்பரில் விலை பேச வேண்டுமானால் ஜனவரியின் குளிரை நவம்பரிலேயே தெரிந்துகொண்டாக வேண்டும். ஆகவே விலை வானிலையைக் கேட்கத் தொடங்கியது என்பதைவிட, வானிலை முன்னறிவிப்பைக் கேட்கத் தொடங்கியது என்பதே சரி. நல்ல வேளையாக, அதே காலத்தில் முன்னறிவிப்புக் கலையும் பேசத் தகுந்த நிலைக்கு வந்திருந்தது. காற்றின் சமன்பாடுகளை மின்னணுக் கணிப்பொறியிலிட்டு முதன்முதலாக வானிலையைக் கணித்துப் பார்த்தது 1950இல், ‘எனியாக்’ என்ற பொறியில். 24 மணி நேரத்து வானிலையைக் கணிக்க ஏறத்தாழ அதே 24 மணி நேரம் பிடித்ததாம். 1963இல் எட்வர்டு லாரன்ஸ் என்ற அறிஞர், தொடக்க நிலையில் நேரும் மிகச் சிறிய பிழையும் நாளடைவில் வளர்ந்து கணிப்பையே கவிழ்த்துவிடும் என்று நிறுவினார். இங்கிலாந்தில் ரெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் அமைந்த ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம், 1979 முதல் பத்து நாள் வரையிலான அறிவிப்புகளைத் தரலாயிற்று. 1992 முதல் அமெரிக்க, ஐரோப்பிய மையங்கள் இரண்டுமே, ஒரே கணிப்பைச் சொல்லாமல், தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புகளைச் செய்து, அவற்றுள் எத்தனை ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் முறையைக் கைக்கொண்டன. பல ஜோசியர்களிடம் ஒரே ஜாதகத்தைக் காட்டி, பெரும்பாலோர் சொல்வதை நம்புவது போல என்று விளையாட்டாகச் சொல்லலாம். ஆனால் இங்கே ஒவ்வொருவர் தவறும் கணக்கில் பதிவாகிறது என்பது வேற்றுமை.

இக்கணிப்புகளுக்கு வேண்டிய அளவீடுகள் உலகம் முழுவதிலிருந்தும் திரட்டப்படுபவை. நள்ளிரவுக் கிரீனிச் நேரக் கணிப்பு, நமக்குக் காலை 5.30 மணி. நாம் எழுந்து டிகாக்‌ஷன் இறக்கும் அந்த வேளைக்கெனச் சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் தில்லியிலிருந்தும் கருவி கட்டிய பலூன்களை நம் வானிலைத் துறையினர் விண்ணில் விடுகின்றனர். அவை தரும் செய்தியும் பிற நாடுகளின் செய்திகளோடு கலந்து அந்தக் கணிப்பொறிகளுக்குள் செல்கிறது. பிறகு நண்பகல் கிரீனிச் நேரத்துக்கு ஒரு கணிப்பு. அதன் முடிவுகள் நியூயார்க்கில் வணிகம் மும்முரமாக நடக்கும் பகல் வேளையிலேயே வெளிவருகின்றன. அமெரிக்கக் கணிப்பு நாளொன்றுக்கு நான்கு முறை நடைபெறுகிறது. ஒவ்வொரு முறையும் அடுத்த இரண்டு வாரத்து டிகிரி-நாட்கள் உடனே கூட்டப்படுகின்றன. முந்திய கணிப்பைவிடக் கூடியதா, குறைந்ததா என்று ஒப்பிடப்படுகிறது.

இந்த ஒப்பீட்டில்தான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. குளிர் வரப்போகிறது என்ற அறிவிப்பால் விலை உயர்வதில்லை; நேற்று எண்ணியதைவிட அதிகக் குளிர் வரும் என்ற அறிவிப்பால்தான் உயர்கிறது. எல்லோரும் எதிர்பார்த்த குளிர் முன்பே விலையில் ஏறிவிட்டது. ஆதலால் சிகாகோவில் பனி கொட்டிக்கொண்டிருக்கும் அதே நாளில், பத்து நாள் கழித்து வரவிருந்த குளிரலை சற்றுத் தணியும் என்று புதிய கணிப்பு கூறுமாயின், வாயு விலை சரியும். தெருவில் நிற்பவன் நடுங்குகிறான், சந்தையோ கோடையைக் கண்டதுபோல் விழுகிறது என்றால் நமக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். நம் நாட்டில் ஆடி மாதம் மழை பொய்க்கும் என்ற வதந்தி கிளம்பிய அன்றே பருப்பு விலை ஏறிவிடுவதையும், பிறகு மழை பொய்த்தபோது அவ்வளவாக ஏறாததையும் கண்டவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். 1999இல் சிகாகோவின் ஒரு வணிகக் கூடம் இன்னும் ஒருபடி மேலே சென்று, வாயுவையும் விட்டுவிட்டு டிகிரி-நாட்களையே நேரடியாகப் பேரம் பேசும் ஒப்பந்தங்களைத் தொடங்கிவைத்தது.

முன்னறிவிப்பு தவறும்போது என்ன நேர்கிறது? 2005 ஆகஸ்டு இறுதியில் கத்ரீனா, செப்டம்பரில் ரீட்டா என்ற இரு சூறாவளிகள் மெக்ஸிகோ வளைகுடாவின் வாயுக் கிணறுகளைச் சிதைத்தன. டிசம்பர் தொடக்கம் கடுங்குளிராக இருந்தது; மேலும் குளிரும் என்று எல்லோரும் எண்ணினர். டிசம்பர் நடுவில் விலை ஓர் அளவுக்கு 15 டாலரைத் தாண்டியது. ஆனால் 2006 ஜனவரி, அதுவரை அந்நாடு பதிவு செய்திருந்த ஜனவரிகளிலெல்லாம் வெதுவெதுப்பான ஜனவரியாக அமைந்தது! அம்மாதம் முடிவதற்குள் விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. அவ்வாண்டு சூறாவளிப் பருவமும் சாதுவாகக் கழிந்தது. வரும் குளிர்காலத்து வாயுவுக்கும் அதற்கடுத்த வசந்தத்து வாயுவுக்கும் இடையிலுள்ள விலை வேற்றுமை பெருகும் என்று பெரும்பணம் கட்டியிருந்த அமராந்த் என்னும் முதலீட்டு நிறுவனம், 2006 செப்டம்பரில் சுமார் 600 கோடி டாலரை இழந்து மூடப்பட்டது. சூதாடி தோற்றவருக்காக நாம் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் டிசம்பரில் உயர்ந்த விலைக்கு வாயு வாங்கிய ஊர்க் கம்பெனிகளும் உண்டு. வராத குளிருக்காக அவை செலுத்திய விலை, வாடிக்கைக்காரர்களின் ரசீதில்தான் போய் நின்றது.

இனி 2021 பிப்ரவரிக்கு வருவோம். இங்கே முன்னறிவிப்பு தவறவில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே வடதுருவக் காற்று டெக்ஸஸ் வரை இறங்கும் என்று வானிலை நிபுணர்கள் எச்சரித்தார்கள். 15ஆம் தேதி திங்கட்கிழமை விடுமுறை நாள். அந்நாட்டு வழக்கப்படி சனி முதல் செவ்வாய் வரை நான்கு நாளைக்கு வேண்டிய வாயுவை 12ஆம் தேதி வெள்ளிக்கிழமையே ஒருமிக்க வாங்கியாக வேண்டும். ஆகவே நான்கு நாள் குளிரின் விலை ஒரே நாளில், வானிலைப் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டது. அதற்கு முன் 3 டாலர் அளவில் இருந்த வாயு, நாட்டின் நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான டாலர்களுக்கு ஏறியது. அடுத்த வாரத்தில் ஓக்லஹோமாவின் ஒரு சந்திப்பில் 1,000 டாலரையும் தாண்டிவிட்டது. ஹென்றி ஹப்பில் 17ஆம் தேதி நாள்விலை 23.86 டாலர், அதுவரை அங்கே காணாத உயரம்.

விலை இவ்வளவு உரக்கக் கூவினால் வாயு ஓடி வந்திருக்க வேண்டும் அல்லவா? பொருளாதார நூல்கள் அப்படித்தான் கூறுகின்றன. ஆனால் கிணற்றுக் குழாய்களுக்குள் நீர் உறைந்துவிட்டது. வெயில் பூமி என்று எண்ணி, போதிய குளிர்காப்பு செய்யாமல் விட்டிருந்தார்கள். மின்நிலையங்களும் உறைந்தன, 15ஆம் தேதி பின்னிரவில் மின்சாரத்தைப் பகுதி பகுதியாகத் துண்டித்தபோது, வாயுவைத் தள்ளும் இயந்திரங்கள் பலவற்றுக்கும் மின்சாரம் நின்றது. வாயு இல்லாமையால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாமையால் வாயு இல்லை என்ற விஷ வட்டம். சுமார் 45 லட்சம் வீடுகள் இருளில் மூழ்கின. 246 பேர் இறந்ததாக மாநில சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் குளிரிலேயே விறைத்து மாண்டவர்கள். 2011 பிப்ரவரியில் இதே மாநிலத்தில் ஒரு குளிரலை வந்தபோதே, கிணறுகளுக்கும் நிலையங்களுக்கும் காப்பு அமைக்குமாறு அதிகாரிகள் பரிந்துரைத்திருந்தனர். அதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2021இல், இத்தனை பேர் இறந்த பிறகே வந்தது.

1977ஆம் ஆண்டு ஒஹையோவையும் 2021ஆம் ஆண்டு டெக்ஸஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நமக்கு ஒன்று தோன்றுகிறது. முதலாவதில் விலை வாய் திறக்கவே அனுமதிக்கப்படவில்லை. இரண்டாவதில் அது தொண்டை கிழியக் கத்தியது. உறைந்த குழாய்க்கு மௌனமும் கூச்சலும் ஒன்றே. இடைப்பட்ட நாற்பத்து நான்கு ஆண்டுகளில் முன்னறிவிப்பு எவ்வளவோ கூர்மை பெற்றது; அந்தக் கூர்மை முழுவதும் விலையைத் தீட்டவே பயன்பட்டது, கிணற்று வாயிலில் ஒரு கம்பளிச் சுற்றுக்கூட அதனால் ஏறவில்லை. மினசோட்டா, ஓக்லஹோமா முதலிய மாநிலங்களிலோ, அந்தச் சில நாட்களின் கூடுதல் செலவு பல ஆண்டுத் தவணைகளாகக் குடும்பங்களின் தலையில் ஏற்றப்பட்டது.

ஐரோப்பாவில் அடுத்த ஆண்டே வேறொரு காட்சி. ரஷ்ய வாயு குறைந்ததால் 2022 ஆகஸ்டு இறுதியில் அங்கே ஒரு மெகாவாட்-மணி வாயு 300 யூரோவைத் தாண்டியது. குளிர்காலத்தை எவ்வாறு கடப்பது என்று அரசாங்கங்களே அஞ்சின. ஆனால் இலையுதிர் காலமும் புத்தாண்டும் வெதுவெதுப்பாக வந்தன. 2023 ஜனவரி முதல் தேதி வார்சாவில் 18.9 டிகிரி சென்டிகிரேடு! பிப்ரவரிக்குள் விலை 60 யூரோவுக்கும் கீழே வந்துவிட்டது. அரசர்களும் அமைச்சர்களும் செய்ய முடியாததை அட்லாண்டிக் காற்று செய்தது என்று சொன்னால் சிறிது மிகையாகலாம். வீடுகளும் ஆலைகளும் சிக்கனம் பிடித்ததற்கும் கப்பலில் வந்த வாயுவுக்கும் அதில் பங்கு உண்டு.

இனி நம் வீட்டுக்குத் திரும்பலாம். 2014 நவம்பர் முதல் நம் நாட்டு வாயுவின் விலையை நிர்ணயிக்க அரசாங்கம் ஒரு சூத்திரத்தைக் கைக்கொண்டது. அமெரிக்காவின் ஹென்றி ஹப், பிரிட்டனின் சந்தை, கனடாவின் ஆல்பர்ட்டா, ரஷ்யா ஆகிய நான்கிடத்து விலைகளை, அந்தந்த இடத்து அளவுக்கேற்ப எடைபோட்டுச் சராசரி காண்பது. கழிந்துபோன 12 மாதத்து விலைகளை எடுத்துக்கொள்வது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாற்றுவது என்பது அச்சூத்திரம். உலகில் வாயு மலிந்திருந்த காலத்தில் இது நமக்கு நன்மையே செய்தது. 5.05 டாலரில் தொடங்கிய விலை ஏறி இறங்கி 2020 அக்டோபரில் 1.79 டாலருக்கு வந்தது. நாட்டில் வாயு எடுப்போர் நஷ்டம் என்று முறையிட்டனர். அந்த நான்கு இடங்களும் உலகின் குளிர் மிகுந்த நாடுகள் என்பதையோ, அவற்றின் விலையில் அவற்றின் பனியும் சேர்ந்தே வரும் என்பதையோ அப்போது எவரும் பெரிதாகப் பேசவில்லை. 2021 அக்டோபர் விலைக்குரிய கணக்கு 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரையிலானது. டெக்ஸஸ் பனியின் பிப்ரவரி அதற்குள் அடக்கம். அவ்வேற்றம் முழுவதும் பனியின் வேலையன்று. பெரும்பகுதி, தொற்றுநோய்க்குப் பின் தேவை மீண்டதால் வந்தது. எனினும் பனிக்கும் ஒரு பங்கு இருந்தது. அடுத்த ஏப்ரலில் விலை 6.10 டாலர், 2022 அக்டோபரில் 8.57 டாலர். தில்லி ஆட்டோக்காரர் வாயு நிரப்பும்போதும், நம் வீட்டு மீட்டருக்கு ரசீது வரும்போதும் அந்த ஏற்றம் தெரிந்தது.

பொருளாதார அறிஞர் கிரித் பாரிக் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2023 ஏப்ரலில் பழைய சூத்திரம் கைவிடப்பட்டது. நாம் இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயின் சராசரி விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது புதிய கணக்கு. பழைய வயல்களின் வாயுவுக்கு 4 டாலருக்குக் குறையாமலும் 6.50 டாலருக்கு மேற்படாமலும் வரம்பு கட்டப்பட்டது. 2025 ஏப்ரலில் அவ்வுச்சவரம்பு 6.75 டாலர் ஆயிற்று. டெக்ஸஸ் பனி நம் கணக்குக்குள் நுழைந்த கதவு இவ்வாறு சாத்தப்பட்டது. சாளரம் ஒன்று திறந்தே இருக்கிறது: நாட்டில் செலவாகும் வாயுவில் ஏறக்குறையப் பாதி, குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவரப்படுவது. 2004இல் குஜராத்தின் டாஹேஜிலும், 2019இல் நம் எண்ணூரிலும் அதற்கெனத் துறைகள் அமைந்தன. நெடுங்கால ஒப்பந்தத்தில் வரும் சரக்கு பெரும்பாலும் எண்ணெய் விலையை ஒட்டியது. அவ்வப்போது வாங்கும் சரக்குக்கோ குளிர்நாடுகளோடு போட்டியிட வேண்டும். 2021 ஜனவரியில் ஜப்பானிலும் கொரியாவிலும் சீனத்திலும் கடுங்குளிர் அடித்தபோது, அத்தகைய கப்பல் வாயு ஓர் அளவு 32 டாலரைத் தாண்டியது. நம் நாட்டார் அவ்விலைக்கு வாங்கத் தயங்கி ஒதுங்கினர்.

அதே மாதம் முதல் தேதி காலை தில்லி சப்தர்ஜங் நிலையத்தில் 1.1 டிகிரி சென்டிகிரேடு பதிவாயிற்று; பதினைந்து ஆண்டுகளில் காணாத குளிர். ஆனால் நாம் வாயுவைக் கொளுத்தி வீட்டைச் சூடாக்கிக்கொள்ளும் வழக்கமுடையவர்கள் அல்லர். ரஜாயும் சால்வையும் தெருவோரத்து விறகுத் தீயுமே நம் கணப்பு. ஆகையால் அந்தக் குளிர் எந்தச் சந்தையின் டிகிரி-நாள் கணக்கிலும் ஏறவில்லை. இட்லி மாவு மட்டும் மூன்றாம் நாள்தான் பொங்கிற்று.